ஆவாரங்குச்சி முதல் நயோபியம் வரை

பண்ணைப்புரம் என்றதும் எல்லாருக்கும் ஒரே பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். இளையராஜா பிறந்த ஊர். விடுதியில் என் ஊர்ப் பெயரைச் சொன்ன நாளிலிருந்து நான்கு வருடமும் "ஒரு பாட்டு எடுத்து விடுடா" என்று கேட்டே என்னை ஒரு வழி பண்ணிய நண்பர்கள் இந்த மலரைப் படிப்பார்கள் என்று தெரியும். பாட்டு எனக்கு வராது. எங்கள் ஊர் வேலியோரத்தில் நிற்கும் இரண்டு செடிகளைப் பற்றி வேண்டுமானால் சொல்லத் தெரியும்.

ஒன்று ஆவாரை. இன்னொன்று எருக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் கோம்பை, தேவாரம் என்று எந்தப் பாதையில் போனாலும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் தானே வளர்ந்து நிற்பவை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ, பிள்ளையாருக்கு மாலை போட எருக்கம்பூ. அதற்கு மேல் நாம் அவற்றை நினைப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கொல்லர்கள் இந்த இரண்டையும் வைத்து, உலகமே தேடி வந்த எஃகை உருக்கினார்கள்.

செய்முறையை 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். சிறிய மண் மூசை. அதற்குள் இரும்புத் துண்டுகள், காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் பூசி அடைத்துக் கரியடுப்பில் வைத்துத் துருத்தியால் ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் புகுந்து, இரும்பு உருகும். நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவில் கரி சேர்ந்தாலே போதும். இளகிய இரும்பு வாள் செய்யும் எஃகாகிவிடும். இதற்குத் தமிழில் பெயர் உருக்கு. கன்னடத்தில் உக்கு. அதுவே ஆங்கிலேயர் வாயில் 'ஊட்ஸ்' ஆனது. மேல்சிறுவலூரில் கிடைத்த மூசை எச்சங்களைப் பேராசிரியை சாரதா சீனிவாசன் ஆராய்ந்து, அங்கே இந்த உருக்குத் தொழில் நடந்ததை உறுதி செய்திருக்கிறார்.

மூசைக்குள் என்ன போட்டார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. ஏன் அதைப் போட்டார்கள், அது உள்ளே என்ன வேலை செய்தது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. கை அறிந்தது, காகிதம் அறியவில்லை. நான் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு இப்போது கோவையில் ஒரு வார்ப்பாலையில் வேலை பார்க்கிறேன். உருக்கு, கலவை, வார்ப்பு என்றே என் பொழுது போகிறது. ஒரு உலோகத்தில் வேறொன்றைச் சிறிதளவு சேர்த்தால் என்ன ஆகும் என்ற கேள்வியின் வரலாறு, நம் மண்ணில் தொடங்கி உலகைச் சுற்றி, 2015-இல் பெங்களூருக்கே திரும்பி வந்ததை இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன். கதையின் பெரும்பகுதிக்கு நாயகன் கோபால்ட்.

லண்டனில் ஒரு கொல்லன் மகன்

1794-இல் பம்பாயில் மருத்துவராக இருந்த ஹெலனஸ் ஸ்காட் என்பவர், ஊட்ஸ் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பி வைத்தார். அதை அங்கே பலர் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு கொல்லனுடைய மகன். பின்னாளில் மின்சாரத்தில் நாம் பக்கம் பக்கமாகப் படித்த மைக்கேல் ஃபாரடேதான்!

ஃபாரடே 1819-இல் ஊட்ஸைச் சோதித்தார். அதில் அலுமினியம் இருப்பதாகவும், அதன் தரத்துக்கு அதுவே காரணம் என்றும் கருதினார். அது தவறான முடிவு. உண்மைக் காரணம் கரி. ஆனால் அந்தத் தவறிலிருந்து சரியான கேள்வி ஒன்று பிறந்தது. 'அப்படியானால் எஃகோடு வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தால் என்ன?' கத்தி செய்யும் தொழிலாளியான ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டைச் சேர்த்துக்கொண்டு பிளாட்டினம், வெள்ளி, ரோடியம், நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்தார். 1820-லும் 1822-லும் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். கலப்பு எஃகு பற்றிய முறையான ஆராய்ச்சியின் முதல் பக்கம் அது. நூறு வருடம் கழித்து ராபர்ட் ஹாட்ஃபீல்ட் என்ற எஃகு நிபுணர், ஃபாரடே மரப்பெட்டியில் விட்டுப் போயிருந்த 79 துண்டுகளை எடுத்துச் சோதித்து, 1931-இல் ஒரு புத்தகமே எழுதினார். எழுதி வைப்பதன், எடுத்து வைப்பதன் பலன் அது.

பரங்கிப்பேட்டை ஹீத்

அடுத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, காட்டு மரக்கரி, கடலோர ஆலை என்பது திட்டம். ஆவாரங்குச்சி, எருக்கிலை விவரத்தையெல்லாம் எழுதி வைத்தவர்களில் இவர் முக்கியமானவர். ஆலை அவருக்கு லாபம் தரவில்லை. ஆனால் 1839-இல் அவர் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். எஃகு உருக்கும் மூசையில் சிறிதளவு மாங்கனீசு சேர்க்கும் முறை அது. மாங்கனீசு கந்தகத்தையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். எஃகு சம்மட்டி அடியில் நொறுங்காது. ஷெஃபீல்டில் அது பெரிய மாற்றத்தை உண்டாக்கியது.

ஹீத்துக்குக் கிடைத்தது என்ன? அவருடைய முகவராக இருந்தவரே முறையைக் கொஞ்சம் மாற்றி, ஆயத்தமாகச் செய்த கூட்டுப்பொருளுக்குப் பதில் மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் போட்டுவிட்டு, "இது உங்க காப்புரிமையில் வராது" என்றார். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 1851-இல் ஹீத் காலமானார். 1855-இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் பக்கம் வரவில்லை. மூசைக்குள்ளே நடப்பது என்ன என்று அறிவியல்பூர்வமாகத் தெளிவு இல்லாத காலம். அதனால் இரண்டு முறையும் ஒன்றா வேறா என்பதை வக்கீல்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நம் ஊர் உருக்குக்கும் அதே கதிதான். மலிவான இறக்குமதி இரும்பு ஒரு பக்கம், காட்டுக்குக் கட்டுப்பாடு இன்னொரு பக்கம். மூன்றாவது காரணம் ஒன்றை அமெரிக்க உலோகவியல் பேராசிரியர் வெர்ஹோவன், பெண்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்து 1998-இல் சொன்னார். ஊட்ஸிலிருந்து அடித்த டமாஸ்கஸ் வாள்களில் தெரியும் அலையலையான கோலத்துக்குக் காரணம், தாதுவில் கலந்திருந்த வனேடியம் போன்ற அற்ப அசுத்தங்கள் என்பது அவர்கள் கண்டது. நூற்றில் ஒரு பங்கில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாகவே போதுமாம். அந்தத் தாது தீர்ந்து வேறு தாது வந்தபோது, கொல்லர் அதே கையால் அதே மாதிரி அடித்தும் கோலம் விழாமல் போயிருக்கும் என்பது அவர்கள் முடிவு. தன் கைத்திறன் எதன்மேல் நிற்கிறது என்று அந்தக் கொல்லருக்குத் தெரிய வழியே இல்லை. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோபால்ட் கதை முழுவதும் இதற்கு நேர்மாறாகப் போகும்.

நட்சத்திரம் என்று பெயர் வைத்தவர்

கோபால்ட் என்ற பெயரே ஒரு குட்டிச்சாத்தான் பெயர். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள், உருக்கினால் விஷப்புகை மட்டும் தந்து உலோகம் தராத தாதுவைக் கோபோல்டு என்ற பூதத்தின் வேலை என்றார்கள். 1730-களில் சுவீடனின் ஜார்ஜ் பிராண்ட் அதிலிருந்து புது உலோகத்தைப் பிரித்தார். பிறகும் நெடுங்காலம் நீலக் கண்ணாடிக்கும் பீங்கான் வண்ணத்துக்குமே அது பயன்பட்டது.

அதை இயந்திர உலகுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொகொமோ ஊரைச் சேர்ந்த எல்வுட் ஹேன்ஸ். 1894-லேயே மோட்டார் கார் ஓட்டிக் காட்டியவர். மனைவி கேட்ட கறுக்காத கத்தி, கரண்டிக்காகத்தான் ஆராய்ச்சியில் இறங்கினார் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கோபால்ட்டில் குரோமியம் கலந்து 1907-இல் காப்புரிமை பெற்றார். வானத்து நட்சத்திரம் போலப் பளபளவென்று மங்காமல் இருந்ததால், லத்தீன் சொல்லிலிருந்து ஸ்டெல்லைட் என்று பெயர் வைத்தார். பிறகு அதில் டங்ஸ்டன், மாலிப்டினம் சேர்த்து 1913-இல் மேலும் காப்புரிமை. செஞ்சூடு ஏறினாலும் கூர் மழுங்காத வெட்டுக்கருவி கிடைத்தது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளைக் கடைவதற்கு ஸ்டெல்லைட் கருவிகள் ஓடின.

அதன் வழித்தோன்றலான ஸ்டெல்லைட் 6-ஐ இன்றைக்கும் நம்ம ஊரில் பார்க்கலாம். அதிகாலையில் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளைப் போன்ற டீசல் எஞ்சின்களில், புகை வெளியேறும் வால்வுதான் அதிகம் வேகும். பல எஞ்சின்களில் அந்த வால்வின் முகத்தில் ஸ்டெல்லைட் பூச்சு இருக்கும். எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்வார்: "அந்த ராடு விலைதாண்ணே கட்டுப்படியாகாது. போட்டுட்டோம்னா அங்கிட்டு இங்கிட்டு அசையாது, தேயவும் தேயாது." ஏன் தேயாது?

தேங்காய் அம்பாரம்

எங்கள் பக்கத்துத் தோப்புகளில் தேங்காயைக் குவித்து அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் அடுக்கின் பள்ளங்களில் இரண்டாம் அடுக்கு உட்காரும். மூன்றாம் அடுக்கை இரண்டு விதமாக வைக்கலாம். முதல் அடுக்குக்கு நேர் மேலே வைக்கலாம். அல்லது இன்னும் கொஞ்சம் தள்ளி வேறு பள்ளத்தில் வைக்கலாம். கோபால்ட் அணுக்களும் இப்படித்தான். சாதாரணச் சூட்டில் முதல் விதம், அதாவது அறுகோண அடுக்கு. சுமார் 420 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டாம் விதம், அதாவது கனசதுர அடுக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது என்பதால் கோபால்ட் எளிதில் கட்சி மாறும். உரசும்போது மேற்பரப்பிலேயே அடுக்கு மாறி இறுகுகிறது. ஸ்டெல்லைட் தேயாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் சூடும் குளிருமாக மாறி மாறி ஓடும் பாகத்தில் அடுக்கு மாறிக்கொண்டே இருந்தால் ஆபத்து. எனவே கலக்கும் ஒவ்வொரு தனிமத்தையும் 'நீ எந்தக் கட்சி?' என்று முதலில் கேட்க வேண்டும்.

நிக்கல்: கனசதுரக் கட்சி. அடுக்கை மாறவிடாமல் பிடித்து வைக்கும், உலோகத்துக்கு இணக்கமும் தரும். சூட்டுக்கான கோபால்ட் கலவைகளில் 10 முதல் 22 சதவீதம் வரை சேர்ப்பார்கள்.

குரோமியம்: 20 முதல் 30 சதவீதம். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் போட்டுத் துருவிலிருந்தும், எரிபொருளில் உள்ள கந்தகத்தின் அரிப்பிலிருந்தும் காக்கும். கரியோடு சேர்ந்து கார்பைடும் ஆகும். ஆனால் இது அறுகோணக் கட்சி. நிக்கல் துணையில்லாமல் அளவு மீறினால் தொல்லை.

டங்ஸ்டன், மாலிப்டினம்: பெரிய அணுக்கள். சின்னப் பிள்ளைகள் வரிசையில் தடியான ஆள் நடுவில் நின்றால் வரிசை எப்படி நெளியுமோ, அப்படி அணு வரிசையை நெளியச் செய்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் தடுக்கும். சூட்டிலும் இவை மெதுவாகவே நகரும். ஆனால் எடை கூடும். அளவு மீறினால் தட்டுத் தட்டாக நொறுங்கும் கட்டங்கள் உள்ளே வளர்ந்து உலோகத்தையே கெடுக்கும்.

கரி: இதுதான் ஆவாரங்குச்சியின் வாரிசு. ஸ்டெல்லைட் 6-இல் 1.2 சதவீதம் அளவு. டர்பைன் வார்ப்புகளில் அரை சதவீதத்தை ஒட்டி. உலோகம் என்பது குருணை குருணையான படிகங்களின் கூட்டம். கடுஞ்சூட்டில் சுமை தாங்கும்போது குருணைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி, பாகம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும். பொறியியலில் நாம் 'கிரீப்' என்று படித்தது இதுதான். குருணைகளின் எல்லையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்து நழுவலைத் தடுப்பவை கார்பைடுகள். அவையே எல்லை நெடுக வேலி கட்டிவிட்டால் விரிசலுக்குப் பாதையும் அவையே. மருந்தும் அதுதான், அளவு தப்பினால் விஷமும் அதுதான்.

டான்டலம், நயோபியம், டைட்டானியம், சிர்க்கோனியம்: இவை கரியோடு சேர்ந்து மிகக் கெட்டியான கார்பைடு தரும். அவை நெடுஞ்சூட்டிலும் எளிதில் கரையாது.

லாந்தனம்: ஹேன்ஸ் 188 என்ற கலவையில் சுமார் 0.03 சதவீதம். பத்தாயிரத்தில் மூன்று பங்கு! மேற்பரப்பின் ஆக்சைடு தோல் சூடு ஏறி இறங்கும்போது உரிந்து விழாமல் ஒட்ட வைப்பது இந்தச் சிட்டிகைதான்.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு நன்மையோடு ஒரு கெடுதலையும் கொண்டு வருகிறது. கலவை செய்வது என்பது யாரைச் சேர்ப்பது என்பதோடு, யாரை யார் கட்டுப்படுத்துவது என்று முடிவு செய்வதும்தான்.

பல்லிலிருந்து விமானத்துக்கு

1930-களில் அமெரிக்காவில் ஆஸ்டெனல் என்ற நிறுவனம், பல் கட்டுவதற்காகக் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த வைட்டாலியம் என்ற கலவையைக் கொண்டுவந்தது. வாய்க்குள் எச்சிலில் கிடந்தும் கறுக்காது. பல் கட்டும் தகட்டை மெழுகில் செய்து, மேலே மண்பூச்சுப் போட்டு, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அட, இது சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதாயிற்றே என்று உங்களுக்குத் தோன்றும். அதேதான். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வார்த்ததும் மெழுகுக் கரு முறைதான்.

இரண்டாம் உலகப் போரில், உயரத்தில் பறக்கும் விமான எஞ்சின்களுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போ சூப்பர்சார்ஜர் தேவைப்பட்டது. எரிந்த புகையில் சுழலும் அதன் அலகுகளை ஆயிரக்கணக்கில் அடித்துச் செய்வதும் கடைவதும் பெரும்பாடாக இருந்தது. அப்போது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு ஆஸ்டெனல், பல் வார்க்கிற அதே முறையில், வைட்டாலியத்திலேயே அலகுகளை வார்த்துக் கொடுத்தது! அங்கிருந்து கரியும் டங்ஸ்டனும் நிக்கலும் மாற்றி, எக்ஸ் 40 போன்ற கலவைகள் 1940-களில் பிறந்தன. ஜெட் எஞ்சின் யுகத்தில் கோபால்ட் சூப்பர் அலாய் நுழைந்த வாசல் பல் மருத்துவம்தான்.

அந்த வைட்டாலியம் குடும்பம் இன்று நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் பெரியம்மாவுக்கு மதுரையில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. "இரும்ப வச்சு விட்டா உள்ளுக்குள்ள துருப்பிடிக்காதாடா தம்பி?" என்று கேட்டார். "இரும்பு இல்ல பெரியம்மா, கோபால்ட். குரோமியம் தோல் போட்டிருக்கு, துரு ஏறாது" என்றேன். "என்னமோ போ, களை எடுக்கக் குனிய முடிஞ்சாச் சரி" என்றார். தேவையை அவரைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளரும் எழுதிவிட முடியாது.

கல்பாக்கத்தில் வேண்டாம் என்ற கோபால்ட்

கோபால்ட்டை வேண்டாம் என்று ஒதுக்கிய கதையும் நம் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. கல்பாக்கத்து 500 மெகாவாட் வேக ஈனுலையில் உருகிய சோடியம்தான் சூட்டைக் கடத்துகிறது. சோடியத்துக்குள் எஃகின் மேற்பரப்பில் காப்புத் தோல் நிற்காது. ஒன்றோடொன்று உரசும் பாகங்கள் பற்றிக்கொள்ளும். அதற்கு மேலே கடினப்பூச்சு வேண்டும். வழக்கமாக முதலில் நினைவுக்கு வருவது ஸ்டெல்லைட்.

ஆனால் அணு உலையில் கோபால்ட் நியூட்ரானை விழுங்கி கோபால்ட் 60 ஆகும். அதன் அரை ஆயுள் 5.27 வருடம், கடுமையான காமாக் கதிர் வீசும். புற்றுநோய் சிகிச்சைக்குப் பல்லாண்டு உதவிய அதே கோபால்ட் 60, பழுதுபார்க்கப் போகும் தொழிலாளிக்கு எமன். எனவே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர், நிக்கலில் குரோமியம், போரான், சிலிக்கன் சேர்ந்த கால்மொனாய் என்ற கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் கடினம் தருபவை குரோமியத்தின் போரைடுகளும் கார்பைடுகளும். பூசும்போது அடியிலிருக்கும் எஃகு உருகிப் பூச்சோடு கலந்தால் கடினம் குறைந்துவிடும். அதனால் அடி உலோகம் அதிகம் உருகாத பிளாஸ்மா முறையில் பூசினார்கள். ஒரு கலவை நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எங்கே நிற்கப் போகிறது, அருகில் யார் நிற்கப் போகிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

செங்கல் கட்டு

1950-களுக்குப் பிறகு டர்பைனில் சுழலும் அலகுகளை நிக்கல் கலவைகள் பிடித்துக்கொண்டன. நிக்கலில் அலுமினியம் சேர்த்தால், 'காமா பிரைம்' என்ற ஒழுங்கான சின்னஞ்சிறு கட்டிகள் உள்ளே உருவாகும். கட்டிகள் செங்கல், சுற்றியுள்ள உலோகம் சாந்து. அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு எதுவும் எளிதில் நகர முடியாது. கோபால்ட்டுக்கு அந்தச் செங்கல் இல்லை. கரைசல், கார்பைடு என்ற இரண்டை மட்டும் நம்பி, சுழலாமல் நின்ற இடத்தில் நெருப்பைத் தாங்கும் வழிகாட்டி அலகுகளில் அது தங்கிவிட்டது. 1978-இல் ஜயீர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு, கோபால்ட் விலை பல மடங்கு ஏறியபோது, அந்த இடத்திலிருந்தும் பலர் அதைக் கழற்றப் பார்த்தார்கள். அந்த நாடுதான் இன்றைய காங்கோ. உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்றும் அங்கிருந்தே வருகிறது. அங்கே கைச்சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்யும் அவலம் உலகம் அறிந்தது. நம் நாட்டிலோ கோபால்ட் தாது வெட்டப்படுவதில்லை, இறக்குமதிதான்.

இப்படி இருக்கையில் 2006-இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் இஷிதா குழுவினர், கோபால்ட்டுக்கும் செங்கல் உண்டு என்று நிரூபித்தார்கள். அலுமினியத்தையும் டங்ஸ்டனையும் சரியான விகிதத்தில் சேர்த்தால், கோபால்ட்டிலும் காமா பிரைம் கட்டிகள் வரிசையாக உருவாகின்றன. உலோகவியல் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரே சங்கடம் டங்ஸ்டன். அணுக் கணக்கில் நூற்றுக்கு 9 என்றாலும், எடையில் பார்த்தால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. சுழலும் பாகத்தில் ஒவ்வொரு கிராமும் சுமை.

டங்ஸ்டனை எடுத்துவிட்டால் செங்கல் நிலைக்காது. அதை எடுக்காமல் எடை குறையாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கமானியோ சட்டோபாத்யாய் குழுவினர். மகினேனி, நிதின் ஆகிய ஆய்வாளர்களோடு 2015-இல் அவர் வெளியிட்ட கலவையில் டங்ஸ்டனே கிடையாது. அணுக் கணக்கில் அலுமினியம் 10, மாலிப்டினம் 5, நயோபியம் 2, மீதி கோபால்ட். மாலிப்டினம் மட்டும் போட்டால் செங்கல் நிற்காது. கூட அந்த இரண்டு பங்கு நயோபியம் விழுந்ததும் நிற்கிறது! கன சென்டிமீட்டருக்கு 8.4 கிராமுக்குள் அடங்கும் எடை. டங்ஸ்டன் வகைகள் 9-க்கு மேல் போகும். சுமார் 866 டிகிரியில் கரைந்துவிடும் அந்தக் கட்டிகள், 30 பங்கு நிக்கல் சேர்த்தபோது 990 வரை தாங்கின. நவீன நிக்கல் கலவைகளில் இது 1200-க்கும் மேல் என்பதால் போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. ஆனால் பாதை திறந்துவிட்டது.

இது அதிர்ஷ்டத்தில் கிடைத்ததல்ல. டங்ஸ்டன் அங்கே என்ன வேலை பார்த்தது, அந்த வேலையை யார் யார் பங்கிட்டுச் செய்ய முடியும் என்று தெரிந்தே தேடியதால் கிடைத்தது. தாது மாறியதும் கோலத்தைத் தொலைத்த கொல்லருக்கும் இவர்களுக்கும் திறமையில் பேதமில்லை. காரணம் கையில் இருந்ததுதான் பேதம். காரணம் தெரிந்தவனுக்கு ஒரு பொருள் தீர்ந்துபோனால் மாற்று தேட முடியும். செய்முறை மட்டும் தெரிந்தவனுக்குத் தொழிலே போய்விடும்.

தம்பி, தங்கைகளுக்கு

1973-இல் ஐதராபாத்தில் மிதானி தொடங்கப்பட்டது. அங்கே நாமும் சூப்பர் அலாய் உருக்குகிறோம். காவேரி எஞ்சின் திட்டம் 1989-இல் ஒப்புதல் பெற்றது. 2008-இல் தேஜஸ் விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க எஞ்சினோடுதான் பறக்கிறது. வெளிநாட்டிலிருந்து எஞ்சினை வாங்கலாம், வரைபடத்தைக்கூட வாங்கலாம். எந்தச் சிட்டிகை எதற்கு என்ற குறிப்பை மட்டும் யாரும் விற்க மாட்டார்கள். அதை நாமே உருக்கி, உடைத்து, பார்த்து, எழுதிக்கொள்ள வேண்டும்.

உலோகவியல் தாளைத் 'தேறினால் போதும்' என்று ஒதுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்து நுண்ணோக்கியில் ஒரு துண்டை மெருகேற்றி, அமிலம் தொட்டு, ஒரு முறையாவது பாருங்கள். நான் மேலே எழுதிய குருணையும் எல்லையும் கார்பைடும் புத்தகப் படமாக இல்லாமல் நேரில் தெரியும்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு யோசனை. நம்மில் எத்தனையோ பேர் வார்ப்பாலை, அனல்மின் நிலையம், சர்க்கரை ஆலை, வண்டிப் பட்டறை என்று இருக்கிறோம். அடுத்த சந்திப்புக்கு வரும்போது, உங்கள் நிறுவன அனுமதியோடு, தேய்ந்த வால்வோ உடைந்த அலகோ ஒரு துண்டு எடுத்து வாருங்கள். கூடவே ஒரு சீட்டில் மூன்றே விஷயம்: இது எந்தக் கலவை, எத்தனை மணி நேரம் ஓடியது, எப்படிக் கெட்டது. ஃபாரடேயின் பெட்டியில் 79 துண்டுதான் இருந்தது. நம் சங்கத்தில் உறுப்பினர் அதைவிட அதிகம்.